மாரிக்கு முன் எடுக்கவேண்டிய முடிவு: வன்னியில் வெள்ளத்துக்கு வெளிக்கிட எந்த வாகனம்?

வீட்டை விட்டு வெளிக்கிடுவது எப்படி என்று இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. கூரைத் தகரம், கதவு நிலை, கிடாரம், கோழிக்கூடு எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கி, அதற்குமேல் அப்புவையும் ஆச்சியையும் இருத்திக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள்தான் இன்றைக்கும் குடும்பத் தலைவர்கள். அந்தப் பழக்கம் வெள்ளத்துக்குப் பொருந்தாது. போரில் இடம்பெயர்ந்த அப்போது திரும்பி வருவோமா என்று தெரியாது. அதனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதை வைத்து வாகனம் பிடித்தோம். வெள்ளத்தில் போகுமிடம் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிக்கூடம், இருக்கப்போவது சில நாள். குறைவாக இருப்பது நேரம். றோட்டு மூடும்வரைக்கும் சில மணித்தியாலம்தான் கிடைக்கும். சாமான் ஏற்றி முடிய விடிந்துவிடும், விடியும்போது மதகுக்கு மேலால் தண்ணீர் போகும்.

ஆகவே வாகனத்தைத் தெரிவுசெய்யச் சுமையைப் பார்க்காதீர்கள். றோட்டையும் நேரத்தையும் பாருங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். புது வாகனம் வாங்கச் சொல்லவில்லை. 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்தாலும், விலை சாதாரணக் கமக்காரருக்கு எட்டுகிற மாதிரி இல்லை. வெள்ளத்துக்கென்று தனியாக வாகனம் வாங்கவும் யாராலும் முடியாது. வளவில் நிற்பது, அயலில் நிற்பது, அடுத்த போகம் வெட்டியதும் வாங்க நினைப்பது, இவற்றுக்குள் எது என்பதுதான் கேள்வி.

படி 1: எதிலிருந்து வெளிக்கிடுகிறீர்கள்?

நிஷா புயல் 2008 நவம்பரில் வந்தது. புரெவி 2020 டிசம்பரில், டித்வா 2025 நவம்பரில். 1964 இன் பெரும்புயலும் டிசம்பர்தான். எனவே ஒக்ரோபர் முடிவதற்குள் முடிவு எடுத்திருக்க வேண்டும். ஆனால் எல்லா ஆபத்துக்கும் ஒரே வாகனம் சரிவராது.

குளத்து வெள்ளம் முதலாவது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் கனகராயன் ஆறு பெருகி பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கம் தண்ணீர் ஏறும். 2018 டிசம்பர் 21, 22 இல் நடந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். முத்தையன்கட்டுத் தண்ணீர் பேராற்றால் நந்திக்கடலுக்குப் போகும். வவுனிக்குளத்துக்குப் பாலி ஆறு. மன்னாரில் அருவி ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம்: இங்கே வெயில் எறிக்கும்போதே அனுராதபுரத்தில் பெய்த மழை வந்து சேரும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாத இடம் அது.

புயல் என்றால் காற்று. மரம் விழுந்து றோட்டு அடைபடும், தகரம் பறக்கும். மூடிய கூரை உள்ள வாகனம் வேண்டும், அதுவும் காற்று எழும்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். திறந்த பெட்டி அந்த நேரத்தில் உதவாது.

சுனாமிக்கு வாகனமே வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை 6:58 மணிக்கு சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. முல்லைத்தீவுக் கரை தட்டை நிலம், உள்ளே போகும் ஒழுங்கைகள் ஒடுக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாகனம் எடுத்தால் சந்தியில் இறுகி நிற்போம். நடக்க முடிந்தவர்கள் நடையும் சைக்கிளும். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் ஒரு மோட்டார் சைக்கிள் அல்லது ஓட்டோ. அதோடு அந்தக் கதை முடிந்தது. மிச்சம் முழுக்க வெள்ளத்தைப் பற்றியது.

படி 2: உங்கள் றோட்டில் ஆகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வாகனக் கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. வீட்டுப் படலையிலிருந்து போகப்போகும் பள்ளிக்கூடம் அல்லது கோயில் மண்டபம் வரைக்கும், மழையில்லாத ஒரு பின்னேரம் சைக்கிளில் போய் வாருங்கள். அளவு நாடா ஒன்றும் கொப்பி ஒன்றும் போதும்.

பார்க்கவேண்டியது மதகுகள், வாய்க்கால் குறுக்கே வெட்டும் இடங்கள், தாம்போதி (தண்ணீர் மேலால் ஓடும்படி தாழ்வாகக் கட்டிய றோட்டு), கிரவல் முடிந்து களி தொடங்கும் இடம். ஒவ்வொரு இடத்திலும் பக்கத்து வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள்: “ஐயா, பதினெட்டாம் ஆண்டு வெள்ளத்துக்கு இதிலை எவ்வளவு நின்றது?” அவர்கள் கையால் காலில் தொட்டுக் காட்டுவார்கள், சிலர் சுவரில் உள்ள கறையைக் காட்டுவார்கள். அதை அளந்து எழுதுங்கள். தண்ணீர் அங்கே நின்றதா, ஓடினதா என்றும் கேட்டு எழுதுங்கள். நிற்கிற தண்ணீரும் ஓடுகிற தண்ணீரும் வெவ்வேறு ஆபத்து. ஏன் என்பது அடுத்த படியில் வரும்.

நாலு கிலோமீற்றர் றோட்டில் ஒரேயொரு இடம் மட்டும் தாழ்ந்திருந்தாலும், முழு றோட்டுக்கும் அந்த இடத்தின் அளவுதான் அளவு. வட்டுவாகல் பாலத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நந்திக்கடல் நிரம்பும்போது அதைக் கடக்க முடியுமா என்பதுதான் முல்லைத்தீவு நகரத்துக்கும் மறுகரைக்கும் இடையிலான முழுப் பயணத்தையும் தீர்மானிக்கும். அப்படியொரு இடம் உங்கள் வழியில் இருந்தால் அதைத் தாண்டாமல் சேரக்கூடிய வேறொரு மேட்டிடத்தைத் தேடுங்கள். பெரிய வாகனம் தேடுவதைவிட அது மலிவு.

இரண்டாவது வழியும் வேண்டும். ஆனால் குறுக்குவழி வேண்டாம். பாதை தெரியாத பற்றைக்குள்ளும் காட்டுக்குள்ளும் வாகனத்தை இறக்குவது வன்னியில் வெறும் சேற்றுப் பிரச்சினை அல்ல. மிதிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன, வெள்ளம் வெடிபொருளை இடம் நகர்த்தும், எச்சரிக்கைப் பலகையையும் சாய்க்கும். இரவில் ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்துக் காட்டு றோட்டுகளில் யானை வேறு. தினமும் ஆட்கள் போய்வருகிற றோட்டு மட்டும்தான் கணக்கு.

படி 3: தண்ணீர் ஒரு வாகனத்தை என்ன செய்யும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், ஏனென்றால் பிழையான நம்பிக்கை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு வாகன்ஆர் கார் நீளம் 3.4 மீற்றர், அகலம் ஏறத்தாழ 1.5 மீற்றர். அடிப்பரப்பு 5 சதுர மீற்றர். கதவு மூடியிருக்கிறது, தண்ணீர் இன்னும் உள்ளே வரவில்லை. அடித்தட்டைத் தொட்டபிறகு தண்ணீர் ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் அரைக் கன மீற்றர் தண்ணீரை வாகனம் விலக்குகிறது, அதாவது 500 கிலோ எடையைத் தண்ணீர் தூக்கிப் பிடிக்கிறது. காரின் எடை 800 கிலோ அளவு. ஆக, அடித்தட்டுக்கு மேல் 16 செ.மீ. ஏறினால் வெறும் கார் மிதக்கும். அடித்தட்டே நிலத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. கூட்டினால் 31 செ.மீ., முழங்காலுக்குக் கீழே. நாலு பேர் ஏறினாலும் இன்னும் நாலைந்து சென்ரிமீற்றர்தான் கூடும். முழுதாக மிதக்கும்வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. பாதி எடை குறைந்ததுமே ரயர் நிலத்தைப் பிடிக்காது.

அடுத்தது ஓட்டம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். அதனால்தான் வயலில் இடுப்பளவு நிற்கிற தண்ணீரில் நடந்துபோகிற ஒருவர், மதகுக்கு மேலால் கணுக்கால் தாண்டி ஓடுகிற தண்ணீரில் விழுகிறார். பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் இவை: ஓடுகிற தண்ணீர் 15 செ.மீ. என்றால் வளர்ந்த ஆளை விழுத்தும், 30 செ.மீ. சிறிய வாகனத்தை நகர்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான வாகனத்தைக் கொண்டுபோகும்.

“ரக்டருக்கு ஒன்றும் ஆகாது” என்பதுதான் வன்னியில் ஆகப் பெரிய நம்பிக்கை. 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் மதரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப் போனது, பிள்ளைகள் இறந்தார்கள். இயந்திரம் இரண்டு தொன் அளவு எடை, ஒடுங்கிய உடம்பு. அதை மட்டும் தண்ணீர் இலகுவில் தூக்காது. பெட்டி அப்படியல்ல. அகலப் பலகையைப் போல ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும், இரண்டு சில்லில் நிற்கும், மேலே ஆட்கள் எழுந்து நின்றால் பாரம் உயரத்தில் இருக்கும். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் இயந்திரத்தையும் சேர்த்து இழுக்கும். பஸ்ஸும் விதிவிலக்கல்ல. 2025 நவம்பரில் கலா ஓயாவில் பயணிகளோடு ஒரு பஸ் சிக்கி, ஆட்கள் கூரையில் ஏறி நின்று மீட்கப்பட்டதை எல்லோரும் பார்த்தோம்.

எனவே விதி ஒன்றுதான்: நிற்கிற தண்ணீரை வாகனத்தின் அளவு பார்த்துக் கடக்கலாம். ஓடுகிற தண்ணீரை எந்த வாகனத்திலும் கடக்கக்கூடாது. கடக்கவேண்டிய நிலை வந்துவிட்டால் அது வாகனத்தின் வேலையே அல்ல, படகின் வேலை.

படி 4: யார் ஏறுவது, யார் ஓட்டுவது?

வீட்டில் ஆகப் பலவீனமானவரை வைத்துத்தான் வாகனத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். வன்னியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. முள்ளந்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், பொய்க்கால் போட்டவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். சிறுநீரக நோய்க்குக் கிழமைதோறும் இரத்தம் சுத்திகரிப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பெட்டியின் தளம் ஒரு ஆளின் இடுப்புக்கு மேலே நிற்கும். இரண்டு பேர் தூக்கி, மேலே இரண்டு பேர் வாங்க வேண்டும், அதுவும் மழையில், வழுக்குகிற தகரத்தில். கைபிடியுள்ள பிளாஸ்ரிக் கதிரையில் இருத்திக் கதிரையோடு தூக்குவதுதான் பாதுகாப்பு. துணியால் நெஞ்சுக்குக் குறுக்கே கதிரையோடு கட்டிவிட வேண்டும். பட்டா எனப்படும் சிறிய லொறியின் தளம் இதைவிடத் தாழ்வு, பின்தட்டு இறங்கும், மெத்தையை அப்படியே உள்ளே தள்ளலாம். படுக்கையில் ஒருவர் இருக்கிற வீட்டுக்கு இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் பட்டாவைச் சொல்வேன்.

சுத்திகரிப்பு எடுப்பவர்களும் நிறைமாதப் பெண்களும் எச்சரிக்கை வந்த அன்றே வைத்தியசாலை உள்ள நகரத்துக்குப் போய்விட வேண்டும். வெள்ளம் வந்தபின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸும் உங்கள் மதகைத் தாண்ட முடியாது.

ஓட்டுவது யார் என்பதும் அதேயளவு முக்கியம். ரக்டர் வாசலில் நிற்கிறது, அதை ஓட்டுகிறவர் கொழும்பில் வேலை. அல்லது கடலுக்குப் போயிருக்கிறார். பெண்கள் தனியே நடத்தும் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர்களில் அந்தப் பெண் ஓட்டத் தெரிந்த ஸ்கூட்டிதான் உண்மையான வாகனம். மற்றது வளவில் நிற்கும் இரும்பு. வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு ஓட்டத் தெரிய வேண்டும், அனுமதிப்பத்திரமும் அந்த வகைக்குப் பொருந்த வேண்டும். முச்சக்கரவண்டிக்கு, லாண்ட்மாஸ்டர் எனும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு, நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு எல்லாம் தனித்தனி வகை.

படி 5: வாகனங்கள் ஒவ்வொன்றாக

மோட்டார் சைக்கிள். முதல் எச்சரிக்கையோடு போகிறவர்களுக்கு நல்லது, றோட்டைப் பார்த்துவர ஆகச் சிறந்தது. காற்று இழுக்கும் பெட்டி பெரும்பாலும் இருக்கைக்குக் கீழே இருக்கும், எனவே சில்லு பாதி மூழ்கும்வரைக்கும் இயந்திரம் நிற்காது. ஆனால் ஆள் விழுவார். பின்னால் பிள்ளை இருந்தால் தண்ணீருக்குள் இறக்க வேண்டாம். ஸ்கூட்டியின் பெல்ட் இருக்கும் பக்கம் தாழ்வு. தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கி, இயந்திரம் இரைந்தாலும் வண்டி நகராது. ஸ்கூட்டி காய்ந்த றோட்டுக்கு, அதாவது நேரத்தோடு போகிறவருக்கு.

ஓட்டோ. மூன்று சில்லு, இலேசான உடம்பு. ஓட்டத்தில் முதலில் புரளுவது இதுதான். ஆனால் தண்ணீர் வருவதற்கு ஆறு மணித்தியாலம் முன்பு என்றால் வயதானவர்களை ஏற்ற இதைவிடச் சுகமான வாகனம் இல்லை. ஏறி இறங்க இலகு, கூரை இருக்கிறது, ஒழுங்கைக்குள் வரும்.

லாண்ட்மாஸ்டர். களியில் நன்றாகப் போகும், செலவு குறைவு, ஆறேழு பேரை ஏற்றும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அது மெதுவாகப் போகிற வாகனம். ஏ9 வீதியில் இரவில் பின்னால் வெளிச்சம் இல்லாமல் போனால் வெள்ளத்தைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வரும் லொறி. மற்றது குளக்கட்டு இறக்கம். இறங்கும்போது திருப்பும் கிளச்சைப் பிடித்தால் வண்டி நினைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். பழகினவர்களுக்குத் தெரியும். அவசரத்துக்குக் கைமாறி ஓட்டுகிற தம்பிக்குத் தெரியாது, பெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்குவார்.

நாலு சில்லு உழவு இயந்திரம். வன்னிக்குப் பொருத்தமான பெரிய வாகனம் இதுதான், மேலே சொன்ன எச்சரிக்கையோடு. மஸி பெர்குசன் போன்றவற்றில் காற்று இழுக்கும் குழாய் பொனற்றுக்கு மேலே இருப்பதால் நிற்கிற தண்ணீர் அதற்குப் பெரிய தடை அல்ல. பழைய வகையில் இலத்திரனியல் பாகங்களும் இல்லை. பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். கொழுவும் ஆணிக்குக் குறுக்குப் பூட்டு இருக்கிறதா? பலர் ஒரு கம்பித் துண்டை வளைத்துவிட்டு ஓடுவார்கள். றோட்டுப் பள்ளத்தில் ஆணி துள்ளிக் கழன்றால் பெட்டி தனியே பின்னால் போகும். ஆணிக்கு மேலதிகமாக ஒரு சங்கிலியையும் சுற்றிப் பூட்டுங்கள். பெட்டியின் பக்கத் தட்டுகள் மூன்றும் பூட்டியிருக்க வேண்டும். ஆட்கள் பெட்டியின் தளத்தில் அமர்ந்திருக்க வேண்டும், நிற்கக்கூடாது. இயந்திரத்தின் மட்காட்டில் பிள்ளைகளை இருத்துவதை நிறுத்துங்கள்.

பட்டா. நான் கூடுதலாகப் பரிந்துரைப்பது இதுதான், காரணம் மேலே சொன்னேன். தொழிலுக்கும் உதவும். தறப்பாள் கட்ட இரும்பு வளையம் போட்டால் கூரை கிடைக்கும். குறை என்னவென்றால் சில்லு சிறிது, களியில் புதையும். கிரவல் அல்லது காபற் றோட்டு உள்ள ஊருக்குத்தான்.

ஹையேஸ் வான். பத்துப் பன்னிரண்டு பேரை மூடிய கூரையோடு வவுனியா வரைக்கும் கொண்டுபோக இதை மிஞ்ச முடியாது. ஊர் ஒழுங்கைச் சேற்றில் பின்சில்லு சுற்றத் தொடங்கினால் அன்றைக்கு அதுதான் றோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். பிரதான வீதியில் நிறுத்தி, ஆட்களை அங்கே கொண்டுவந்து ஏற்றுவது புத்தி.

கப் வாகனம் (பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப்), நாலு சில்லும் இழுக்கிற வகை. இருந்தால் நல்லது. கைலக்ஸ் போன்றவற்றில் 70 செ.மீ. அளவு நிற்கும் தண்ணீரைத் தாங்கலாம் என்று தயாரித்தவர்களே சொல்வார்கள். அந்த அளவு ஓடாத தண்ணீருக்கு, மெதுவாகப் போகிறவருக்கு. வழுக்கை ரயரோடு நிற்கும் கப் வாகனத்தைவிட நல்ல ரயரோடு நிற்கும் பட்டா மேல்.

கலப்பின எரிசக்திக் (ஹைபிரிட்) கார்கள், சிறிய கார்கள். தாழ்வு. பல கலப்பின வாகனங்களின் பெரிய பற்றரி பின்னிருக்கைப் பக்கத்தில் இருக்கிறது. இவற்றைப் பாதுகாக்கவேண்டிய சாமானாகக் கணக்கெடுங்கள், முதல் நாளே மேட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

கடற்றொழிலாளரின் வள்ளத்தை இங்கே சேர்க்கவில்லை. அது மீட்புக்கு வருவது. ஊரில் யாரிடம் வள்ளமும் இயந்திரமும் இருக்கிறது, அதை ஏற்றிவர யாருடைய பெட்டி போகும் என்று மட்டும் அறிந்து வைத்திருங்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒன்பது பேர், ஓட்டோவுக்கு ஒரு தடவை மூன்று பேர், பள்ளிக்கூடம் நாலு கிலோமீற்றர். மழையில் கிரவலில் ஒருவழிக்கு 15 நிமிடம். மூன்று தடவை போக 45, இரண்டு தடவை திரும்பி வர 30, ஏற்றி இறக்க ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம் என்று இன்னொரு 45. மொத்தம் இரண்டு மணித்தியாலம். பெட்டியோடு உழவு இயந்திரம் என்றால் ஒரே தடவை, முக்கால் மணித்தியாலம். இரண்டு மணித்தியாலம் உங்களிடம் இருக்கிறதா என்பது படி 2 இல் எழுதிய கொப்பியில் இருக்கும். இருந்தால் ஓட்டோ போதும். இல்லையென்றால் அயலவரின் ரக்டர் வேண்டும்.

படி 6: அயல் வாகனத்தை இப்போதே பேசி வையுங்கள்

பெரும்பாலான வீடுகளுக்கு முடிவு இப்படித்தான் வரும்: வயதானவர்களும் பிள்ளைகளும் சொந்த ஓட்டோவில் அல்லது மோட்டார் சைக்கிளில் முதலில், மற்றவர்கள் அயல் ரக்டரில். அதை வெள்ளத்தன்று போய்க் கேட்டால் பெட்டி நிரம்பியிருக்கும். “அண்ணை, வான் திறக்கிற நேரம் எங்கடை வீட்டிலை ஆறு பேரை ஏத்துவியளோ? டீசல் நான் தாறன்” என்று ஒக்ரோபரில் கேளுங்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை வீடு, எந்த வீடு முதல், எந்தச் சந்தியில் ஏறுவது என்று பேசி, பெயர்ப்பட்டியலைக் கிராம அலுவலரிடமும் கொடுத்து வையுங்கள். பிரதேச செயலகம் பஸ் அனுப்பும்போது யார் மிச்சம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

படி 7: வாகனத்தைத் தயார்ப்படுத்துதல்

காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று கராஜில் கேட்டுக் கண்ணால் பாருங்கள். அதன் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் நசுங்காது, உள்ளே தண்டு வளையும், இயந்திரம் அவ்வளவுதான். டீசலுக்குப் பிளக் இல்லை என்பதால் தப்பும் என்பார்கள். தீப்பொறிப் பிரச்சினை இல்லையே தவிர இது டீசலுக்கும் நடக்கும். அந்த வாயின் கீழ்விளிம்பு, கதவின் அடிவிளிம்பு இரண்டில் எது தாழ்வோ அதற்கு ஒரு சாண் கீழே வாகனத்தின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போடுங்கள். நிற்கிற தண்ணீரில்கூட அந்தக் கோடு நனைந்தால் திரும்புங்கள். சிறிய காரில் ஒரு சாண் கீழே என்றால் கோடு போட இடமே இருக்காது. அது தண்ணீருக்குள் இறங்கக்கூடாத வாகனம் என்று அர்த்தம்.

எரிபொருள்: ஒக்ரோபர் முதல் தாங்கி பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள். மின்சாரம் நின்றால் எரிபொருள் செட்டில் பம்பும் நிற்கும். 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். ஆனால் கானில் பெற்றோலை வீட்டுக்குள், அடுப்புக்கு அருகே வைக்காதீர்கள்.

வாகனத்திலேயே நிரந்தரமாக இருக்கவேண்டியவை: பத்துப் பதினைந்து மீற்றர் தடித்த கயிறு, மண்வெட்டி, இரண்டு பலகைத் துண்டு, வாகனத்தைத் தூக்கும் ஜக், காற்றடித்த மேலதிகச் சில்லு, ரோச், தறப்பாள், விசில். பலகை சேற்றில் சில்லுக்குக் கீழே போட. ஜக்குக்கு அடியிலும் அதுதான் வேண்டும், இல்லாவிட்டால் ஜக் களிக்குள் இறங்கும். கதவு திறக்காத நிலையில் கண்ணாடியை உடைக்க ஒரு சுத்தியல், ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில்.

காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, ஒரு கிழமை மருந்து எல்லாவற்றையும் இரட்டைப் பொலித்தீனில் கட்டி ஒரு பையில் வையுங்கள். அந்தப் பை போகவேண்டியது முதல் தடவை ஆட்களோடு. தொலைக்காட்சிப் பெட்டியும் அரிசி மூட்டையும் பரணில் ஏறட்டும். மாடுகளைக் கட்டி வைக்காமல் அவிழ்த்து மேட்டுப் பக்கம் ஓட்டிவிடுங்கள், நாயையும்.

படி 8: எப்போது வெளிக்கிடுவது

வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குள நிலவரம், ஊர் ஒலிபெருக்கி. மூன்றில் எது முதலில் வந்தாலும் வயதானவர்களும் பிள்ளைகளும் போக வேண்டும். வான்கதவு திறக்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்தால் மிச்சப்பேரும். இரவு திறக்கலாம் என்று சொன்னால் பகலிலேயே போய்விடுங்கள். இருட்டில் மதகின் ஓரமும் தெரியாது, மதகு இருக்கிறதா உடைந்துவிட்டதா என்பதும் தெரியாது. சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இல் கூப்பிடலாம், பொலிஸ் 119.

போகும் வழியில் இயந்திரம் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் திரும்ப ஸ்ராட் பண்ணாதீர்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் ஆட்களை இறக்கி வந்த வழியே, கயிற்றைப் பிடித்தபடி, மேட்டுக்கு. வாகனத்துக்காக யாரும் பின்னால் நிற்க வேண்டாம்.

படி 9: தண்ணீர் வடிந்தபின்

மூழ்கி நின்ற வாகனத்தைத் திறப்பைப் போட்டுச் சுற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் பற்றரிக் கம்பியைக் கழற்றுங்கள். கலப்பின வாகனம் என்றால் அதையும் நீங்கள் செய்யாமல், தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இயந்திரம், கியர்ப் பெட்டி, உழவு இயந்திரத்தின் பின் அச்சு மூன்றிலும் எண்ணெய் மாற்ற வேண்டும். காற்றுவடியைக் கழற்றி எறியுங்கள். டீசல் வடியின் அடியில் தேங்கின தண்ணீரை வடித்துவிடுங்கள், தாங்கியிலும் இருக்கும். பிறேக் ரம்மைத் திறந்து சேற்றைக் கழுவுங்கள். சில்லு பெயரிங்குகளுக்குப் புதுக் கிறீஸ் அடிக்காமல் விட்டால் தை மாதம் கடக்கும் முன்னே இரையத் தொடங்கும்.

காப்புறுதி உள்ளவர்கள் வாகனத்தை நகர்த்துவதற்கு முன் தண்ணீர் நின்ற அடையாளம் தெரியப் படம் எடுத்து, நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்புறுதியிலும் வெள்ளமும் புயலும் சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சில பத்திரங்களில் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.